வலப்பக்கம் இரண்டு பட்டை கூடுதல்

"டீச்சர், என் ஜீப்பை நாலு இன்ச் தூக்கிக் கொடுங்க" என்றான் கூடலிங்கம்.

பாத்திமுத்து டீச்சர் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கரடிப்பாறை மலைக்கு ஜீப் ஓட்டுகிற அத்தனை பேரும் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள்தான். வண்டியைப் பழுது பார்க்கவும் அவரிடமே வருவார்கள். கூடலிங்கத்தைவிட அவர் வயதில் இளையவர். அதனால் அவனை அண்ணே என்பார். அவன் அவரை டீச்சர் என்பான்.

"எதுக்குண்ணே?"

"அடி தட்டுது."

"எந்த இடத்துல தட்டுது?"

கூடலிங்கம் யோசித்துப் பார்த்தான். வேறு ஏதோதான் ஞாபகம் வந்தது.

"மொக்கராசு வண்டி தட்டுறதே இல்ல டீச்சர்."

"நான் உங்க வண்டியைக் கேட்டேன்."

"அவனுக்கு மட்டும் நாலு இன்ச் தூக்கிக் கொடுத்திருக்கீங்க."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். சித்திரைப் பௌர்ணமிக்கு மலை உச்சிக் கோயிலுக்குச் சாமி ஜீப்பில்தான் போகும். எந்த ஜீப்பில் என்பதை முந்தின வெள்ளிக்கிழமை முடிவு செய்வார்கள். சாமி உட்காரும் பலகையில் ஒரு பித்தளைக் குடத்தை வைத்து, வாய் வரை தண்ணீர் ஊற்றுவார்கள். கல்லும் குழியுமான பாதையில் முதல் வளைவு வரை போய்த் திரும்ப வேண்டும். யாருடைய குடத்தில் தண்ணீர் அதிகம் மிஞ்சுகிறதோ, அவர் வண்டியில் சாமி ஏறும். ஓட்டுகிறவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள்.

போன வருடம் மொக்கராசு தலையில் கட்டினார்கள். அதற்கு முந்தின வருடமும் அவன் தலையில்தான்.

"அவருக்கு எடுப்பா இருக்குல்ல?" என்று கூடலிங்கத்தின் மனைவி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அது பொய். இறங்கியது. ருசிக்கவில்லை.

"ரெண்டு இன்ச் தூக்குற கிட் இருக்கு, மூணு இருக்கு, நாலு இருக்கு" என்றார் டீச்சர். "உங்களுக்கு எதுன்னு பாத்துத்தான் போடணும். வண்டியில என்ன ஏத்துவீங்க?"

"மொக்கராசு என்ன ஏத்துறான்?"

"எந்தப் பாதையில அதிகம் போவீங்க?"

"அவன் போற பாதை எல்லாத்துலயும்."

"உங்க எடை என்ன?"

"என்ன டீச்சர், கிண்டலா?"

கூடலிங்கம் ஒல்லி. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று பஜாரில் கேட்பார்கள். அந்தப் பேச்சு அவனுக்கு ஆகாது.

டீச்சர் சிரிக்கவில்லை. "உங்க வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. எங்க கீறியிருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வேலைக்குள் போய்விட்டார்.

கூடலிங்கம் போனான். ஒரு ஜீப்புக்கு அடியில் படுக்கவும் செய்தான். அது அவனுடைய ஜீப் இல்லை.

ஜீப் ஸ்டாண்டில் மொக்கராசு சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து வைத்திருந்தான். மொக்கராசு சாப்பிட உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டான். ஒரு ஆளில் இரண்டு ஆள் செய்யலாம், அப்படி ஒரு உடம்பு. அவன் இறங்கியதும் ஜீப் பெருமூச்சு விட்டதுபோல் வலப்பக்கம் மேலே எழும்பி, இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. கூடலிங்கம் அதைக் கவனிக்கவில்லை. அடியில் புகுந்து, வண்டியின் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டைகளை எண்ணுவதில் மும்முரமாக இருந்தான்.

இடப்பக்கம் எண்ணினான். வலப்பக்கம் எண்ணினான். திரும்பவும் எண்ணினான்.

ஓட்டுகிறவன் உட்காரும் வலப்பக்கத்தில் இரண்டு பட்டை கூடுதலாக இருந்தது.

கூடலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. அப்படியானால் இதுதான் சூட்சுமம். இத்தனை வருடமாக டீச்சர் அவனிடம் மூச்சு விடவில்லை. அந்தத் தடியனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

முதுகெல்லாம் மண்ணோடு பட்டறைக்கு வந்து நின்றான்.

"கீறல் எங்கண்ணே இருந்துச்சு?"

"எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு டீச்சர்."

"என்ன தெரிஞ்சுச்சு?"

"வலப்பக்கம் ரெண்டு பட்டை."

டீச்சர் அவனையே பார்த்தார்.

"அது மொக்கராசு அண்ணனுக்காகப் போட்டது."

"தெரியும். அவன்னா உங்களுக்கு உசத்தி. நானும் உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். அவனுக்கு முன்னாடியே கத்துக்கிட்டேன். ஒரு நாளாவது எனக்கு இப்படி யோசிச்சு ஒண்ணு செஞ்சு கொடுத்தீங்களா?"

டீச்சர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இப்பக்கூட செஞ்சு தர்றேன். உங்களுக்கு ரெண்டு இன்ச் போதும். ஸ்டியரிங் ஆட்டம் இல்லாம இருக்கும். குடம் அசையாது."

"எனக்கு அதே மாதிரி வேணும்."

"அப்படியேவா?"

"அப்படியே."

"வலப்பக்கம் ரெண்டு பட்டையுமா?"

"அது இல்லாம எதுக்கு?"

"அண்ணே, இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க."

"மறுபடியும் மறைக்கப் பாக்குறீங்க டீச்சர்."

டீச்சர் ஸ்பானரை எடுத்துக்கொண்டார். வண்டியை உள்ளே விடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி தயாராக நின்றது. கூடலிங்கம் வலப்பக்கமாக வந்து பார்த்தான். பானெட் அவன் நெஞ்சுக்கு வந்தது. சாவியை வாங்கக் கை நீட்டினான்.

"அந்தப் பக்கமும் போய்ப் பாத்துருங்கண்ணே" என்றார் டீச்சர்.

"வந்து பாக்குறேன் டீச்சர். நேரமாச்சு."

"மலையில ஏத்துறதுக்கு முன்னாடியாவது பாருங்க. நானும் வர்றேன்."

டீச்சர் தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்.

அடிவார மைதானத்தில் மொக்கராசு தன் ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். கூடலிங்கம் அவனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். கண்ணாலேயே அளந்தான். தன்னுடையதுதான் ஒரு விரல் உயரம்.

இந்த இரண்டு வருடத்தில் அவனுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. மொக்கராசுவைக் குனிந்து பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டான். எதிரியை நலம் விசாரிப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"ஆச்சுப்பா. வண்டி ஜம்முனு இருக்கே" என்றான் மொக்கராசு. உண்மையாகவே சொன்னான். அது கூடலிங்கத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

தர்மகர்த்தா வந்தார். முதலில் கூடலிங்கம் வண்டியில் பலகை போட்டார்கள். குடத்தை வைத்தார்கள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். தண்ணீர் ஊற்றினார்கள்.

வாய் வரை நிறைவதற்கு முன்பே தண்ணீர் இடப்பக்கமாக வழிந்தது.

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையேப்பா" என்றார் தர்மகர்த்தா.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கூடலிங்கம் இறங்கி முன்பக்கம் போய் நின்று பார்த்தான். வண்டி இடப்பக்கம் சாய்ந்து, பல்வலிக்காரன் கன்னத்தைத் தாங்கி நிற்பதுபோல் நின்றது.

அவனுக்குக் காதெல்லாம் சுட்டது. நேராக டீச்சரிடம் போனான்.

"கவுத்துட்டீங்களே டீச்சர். அவன் வண்டி மாதிரிதானே கேட்டேன்?"

"அவர் வண்டி மாதிரிதான் இருக்கு."

"அது நேரா நிக்குது. இது ஏன் சாயுது?"

டீச்சர் மொக்கராசுவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, கொஞ்சம் இந்த வண்டியில ஏறி உக்காருங்களேன்."

மொக்கராசு இறங்கி வந்தான். காரணம் கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் அவன் கேட்பதில்லை. கூடலிங்கத்தின் ஜீப்பில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து ஏறி, ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தான்.

வண்டி ஒரு தடவை முனகியது. வலப்பக்கம் மெல்ல இறங்கியது. பிறகு ரசமட்டம் வைத்த மாதிரி நேராக நின்றது.

குடத்தில் மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்கள். வாய் வரை வந்து, ஒரு சொட்டு வழியாமல் நின்றது.

"ஆகா" என்றார் தர்மகர்த்தா. "இப்ப சரி. எடு, போகலாம்."

மொக்கராசு ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தான். சீட்டில் அசைந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கூடலிங்கம், அருமையா இருக்குப்பா. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

கூடலிங்கம் தன் ஜீப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் மொக்கராசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர்" என்றான். யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னான். "டீச்சர், அது என் வண்டி."

"வண்டிக்கு அது தெரியலையேண்ணே" என்றார் டீச்சர்.