தாலாட்டின் கடைசி அடி

குளத்தங்கரை நாவல் மரத்தில் ஒரு மாங்குயில் இருந்தது. கோடை மத்தியானத்தில் அது பாட ஆரம்பித்தால் காடே வந்து நிழலில் படுத்துக்கொள்ளும்.

“மேகமெல்லாம் கீழிறங்கி மெத்தை போடுது,
மீனெல்லாம் வானமேறி நீச்சல் போடுது...”

கேட்கக் கேட்க மரம் மெல்ல மிதக்கும். குளம் வானத்துக்குப் போய்விடும், வானம் குளத்துக்கு வந்துவிடும். எல்லோரும் தூங்கிப்போவார்கள். தூக்கத்தில் உளறவும் செய்வார்கள். “கிழங்கு... கிழங்கு...” என்று காட்டுப்பன்றி முனகும். “பச்சைக் கடலை...” என்று முயல் சப்புக்கொட்டும்.

கண் விழித்துப் போனால் அதிசயம்! பன்றி போகும் பாதையில் நரி கிழங்கோடு நிற்கும். முயல் போகும் பாதையில் கடலையோடு நிற்கும்.

“என் மனசில் இருந்தது உனக்கு எப்படித் தெரிந்தது நரியண்ணே?”

“பாசம்தான் தம்பி! வேறென்ன?”

பன்றி உருகிப்போனது. ஒரு கிழங்குக்காக நரிக்குப் பொழுது சாயும்வரை வளை தோண்டிக் கொடுத்தது. வயிறு நிறைந்திருந்த நாளிலும் வாங்கியது. பாவம், அதற்கு யாரும் அவ்வளவு பாசம் காட்டியதில்லை.

ஒரு நாள் நரி புள்ளிமானை வழிமறித்தது.

“அக்கா! குட்டிக்கு இளம்புல் வேண்டாமா? அவ்வளவும் பிஞ்சு! இடத்தை மட்டும் சொல்லுங்கள், அங்கேயே கொண்டுவந்து தருகிறேன்.”

மான் இரண்டடி பின்வாங்கியது. குட்டி பிறந்ததை அது யாரிடமும் சொன்னதில்லை. நாணலுக்குள் ஒளித்தல்லவா வைத்திருக்கிறது! தூக்கத்தில்தான் உளறியிருக்க வேண்டும் என்று அதற்குச் சட்டென்று புரிந்தது. இன்று குட்டி என்று உளறினோம், நாளை இடத்தையும் உளறிவிட்டால்?

எல்லோரும் தூங்கும்போது விழித்திருப்பது மாங்குயில் மட்டும்தானே! மான் மரத்தடிக்கு ஓடியது.

“நான் உளறியதை நரியிடம் சொன்னாயா?”

“சொன்னேனே!” என்றது மாங்குயில், இறகைக் கோதிக்கொண்டே. “அவர் எனக்கு அத்திப்பழம் தருகிறார். பாட்டு உங்களுக்கு இலவசம். எனக்கும் வயிறு இருக்கிறதே!”

“என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?”

“தினமும் பாட்டிலேயே கேட்கிறேன். வேண்டாம் என்று சொல்லவும் அதில் இடம் இருக்கிறது. நீங்கள் தூங்கிவிட்டால் நான் என்ன செய்ய?”

அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடலாமே என்பீர்கள். அந்தக் கோடையில் வேறு நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. தூங்காமல் இருக்கலாமே என்பீர்கள். அந்தப் பாட்டை நீங்கள் கேட்டதில்லை!

மறுநாள் மான் படுக்கவில்லை. ஒரு கருவேல முள்கிளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. பாட்டு எழுந்தது. மேகம் இறங்கியது. மீன்கள் தலைக்கு மேல் வெள்ளியாக நீந்திப் போயின. பன்றி குறட்டை விட்டது. முயல் சுருண்டது. மானின் கால்கள் பஞ்சாகிவிட்டன.

“என் குட்டி...” என்று அதன் உதடு அசைந்தது. “குளத்துக்கு வடக்கே...”

தலை சாய்ந்தது. சுரீரென்று முள் குத்தியது! மான் விழித்துக்கொண்டது. அப்போதுதான், இலை உதிர்கிற அளவு சத்தத்தில், பாட்டின் கடைசி அடி வந்தது.

“தூக்கத்திலே சொன்னதெல்லாம் நரிக்குச் சொல்லுவேன்,
வேண்டாமென்று சொன்னவர்க்கு வாயை மூடுவேன்...”

“வேண்டாம்!” என்று மான் கத்தியது. “நேற்று சொன்னது, இன்று சொன்னது, இனிமேல் சொல்லப்போவது, எதையும் யாரிடமும் சொல்லாதே!”

மாங்குயில் கிளையிலிருந்து விழப் பார்த்தது. தூங்கியவர்கள் எல்லோரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். மான் நடந்ததைச் சொன்னது.

“அப்படியானால் பாசம்?” என்று கேட்டது பன்றி. அதன் கண் கலங்கிவிட்டது.

புதருக்குப் பின்னாலிருந்து நரி வந்தது. “வடக்கே என்று காதில் விழுந்தது. வடக்கே எங்கே? மாங்குயிலே, ஒரு கூடை அத்திப்பழம் தருகிறேன்!”

மாங்குயில் பழத்தை நினைத்தது. கீழேயிருந்து நிமிர்ந்து பார்க்கும் அத்தனை முகங்களையும் பார்த்தது. “வாயை மூடுவேன் என்று நானே பாடியிருக்கிறேன், நரியாரே. பாடியதை மீறினால் நாளைக்கு எவன் என் மரத்தடியில் படுப்பான்?”

“எனக்கும் வேண்டாம்!” என்றது முயல்.

“எனக்கும் வேண்டாம்! அந்த அடியை இனிமேல் முதலில் பாடு, சத்தமாகப் பாடு!” என்று உறுமிக்கொண்டு பன்றி நரியை நோக்கி நடந்தது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போனது.

அன்று மாலை மான் நாணலுக்குள் போய்க் குட்டியை அணைத்துப் படுத்தது. தூக்கத்தில் என்னென்னவோ பேசியது. கேட்டது குட்டி மட்டும்தான்.

நம்மைப் பற்றிய செய்தி நம்முடையது. அதைப் பிறருக்குக் கொடுக்காதே என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு, ஆனால் அதை விழித்திருந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.