கோர்ட்டுக்குக் குளிச்சுட்டு வந்த போன்

ஓடைப்பாளையத்துக்காரங்களுக்கு மூளை இல்லேன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்குப் போயிருவேன். இருக்கு. செலவு பண்ணாம வச்சிருக்காங்க, அவ்வளவுதான். எனக்கு எப்படித் தெரியும்னா, ஜில்லா கோர்ட்டு வாசல்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவன் நான். நகல் எடுக்கிறதுதான் என் பொழப்பு. அதனால காப்பி அடிச்ச கேஸ்ல யாரையும் குத்தம் சொல்ற யோக்கியதை எனக்குக் கிடையாது. நடந்ததை மட்டும் சொல்றேன், கேளுங்க.

அந்த ஊர்ல செங்கோடன்னு ஒருத்தர் மாவரைக்கிற கிரைண்டர் பட்டறை வச்சிருந்தார். கூட வேலைக்கு அவரோட அக்கா ராமாத்தா, அக்கா புருஷன் நாச்சிமுத்து. எல்லாரும் கடையில பாக்கெட் மாவு வாங்க ஆரம்பிச்சதும் கிரைண்டர் போணியாகல. இருந்த காட்டை வித்து, பட்டறையை செல்போன் பட்டறையா மாத்திட்டார் மனுஷன். வழி சொல்ல ஒரு இன்ஜினியரையும் கூட்டிட்டு வந்தார். இன்ஜினியர், சிகரம்னு ஒரு பெரிய கம்பெனியோட போனை மேஜை மேல வச்சார்.

"இது எப்படி இருக்கோ, அப்படியே இருக்கணும். எள்ளளவும் மாறக் கூடாது" அப்படின்னுட்டு பஸ் ஏறிப் போயிட்டார்.

அவர் போன கையோட நாச்சிமுத்து மாதிரிக்கு வச்ச அந்தப் போனைக் கீழே போட்டுட்டார். கண்ணாடியில இடது ஓரமா ஒரு விரிசல்.

"அய்யய்யோ, இப்ப என்ன பண்றது மாப்ளே?"

"இதிலென்ன யோசனை மச்சான்? அப்படியே இருக்கணும்னு படிச்ச மனுஷன் சொல்லியிருக்கார். அப்படியே பண்ணிருவோம்."

அன்னையிலிருந்து ஒவ்வொரு போனுக்கும் கடைசி வேலை ராமாத்தாளோடது. சின்னச் சுத்தியலால இடது ஓரத்துல ஒரே தட்டு. விரிசல் மூணு கிளையா ஓடணும். ரெண்டு கிளையா ஓடிருச்சுன்னா அந்தப் போனைக் கழிச்சுருவாங்க. தரம்னா தரம், அப்படி ஒரு தரம்! 'குலவிளக்கு போன்'னு பேர் வச்சு தீபாவளிக்கு விக்கறதா ஏற்பாடு.

அதுக்குள்ள சிகரம் கம்பெனி கேஸ் போட்டுருச்சு. வடிவம் எங்களுது, பட்டன் எங்களுது, வளைஞ்ச மூலை எங்களுதுன்னு ஒரு கட்டு காகிதம். தோத்தா பட்டறைக்கு சீல், செஞ்சு வச்ச போன் அத்தனையும் ரோடு ரோலருக்கு அடியில. செங்கோடன், அக்காவையும் மச்சானையும் கூட்டிட்டுப் போய், தன்னோட வக்கீல் அம்சவேணி அம்மா எதிர்ல உக்காந்து, தோள் துண்டை வாயில வச்சுக்கிட்டு அழுதுட்டார். நகல் கொடுக்கப் போன எனக்கே பாவமா இருந்துச்சு. காட்டையும் வித்தாச்சு, வேற எந்தத் தொழிலும் தெரியாது, மனுஷன் எங்கே போவார்?

வக்கீலம்மா ரெண்டு போனையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. திடீர்னு முகம் மலர்ந்துருச்சு.

"இந்த விரிசல் அவங்க போன்ல இல்லையே! இது உங்க சொந்த வேலைப்பாடா?"

"என் கையால தட்டினதுங்கம்மா" அப்படின்னு ராமாத்தா வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னாங்க.

"போதும். ரெண்டும் ஒண்ணில்லேன்னு நான் வாதாடிப் பார்க்கறேன். நாளைக்கு எல்லாரும் குளிச்சு, சுத்தபத்தமா, நேரத்துக்கு வந்து சேருங்க. ஜட்ஜ் ஐயா கேட்டா உண்மையைத் தவிர வேற எதையும் சொல்லாதீங்க. புரிஞ்சுதா?"

புரிஞ்சுதுன்னு மூணு தலையும் ஆடுச்சு.

வீட்டுக்குப் போனதும் நடந்ததை நாச்சிமுத்துவே அப்புறம் என் கடையில நின்னு பெருமையா சொன்னார்.

"எல்லாரும் குளிச்சுட்டு வரணும்னாங்களே, அதுல போனும் சேர்த்தியா மாப்ளே?" அப்படின்னு இவர் ஆரம்பிச்சிருக்கார்.

"கேஸே அது மேலதானே மச்சான்? நாம குளிச்சுட்டு அது அழுக்கா நின்னா ஜட்ஜ் என்ன நினைப்பார்?"

"குளிக்கிறதுன்னா எண்ணெய் தேய்ச்சே குளிச்சிரட்டும். நல்ல காரியம்" அப்படின்னாங்க ராமாத்தா.

"இன்னைக்குப் புதன்கிழமை அக்கா. ஆம்பளைங்க எண்ணெய் தேய்க்கிற நாள். போன் ஆம்பளையா, பொம்பளையா?"

இதுக்கு மூணு பேரும் வெகு நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. உள்ளே பொம்பளைக் குரல்தானே பேசுது, அப்ப பொம்பளைதான்னார் நாச்சிமுத்து. செங்கோடனும் தலையாட்டப் போனார். ராமாத்தா விடல.

"எப்பப் பாரு சார்ஜ் போட்டுக்கிட்டு மூலையில படுத்தே கிடக்குது. நாலு தடவை கூப்பிட்டாத்தான் ஒரு தடவை எந்திரிக்குது. ஆம்பளைதான். எடுத்துட்டு வாங்க நல்லெண்ணெயை."

போனுக்கு எண்ணெய் வச்சு, ஊற வச்சு, சீயக்காய் தேய்ச்சு, வெந்நீர் ஊத்திக் குளிப்பாட்டினாங்க. சளி பிடிச்சுக்கும்னு சாம்பிராணிப் புகையும் காட்டியிருக்காங்க. சொல்றப்ப நாச்சிமுத்து முகத்துல பிள்ளை பெத்தவர் மாதிரி ஒரு பூரிப்பு.

மறுநாள் கோர்ட்டு. நான் கடையைச் சாத்திட்டு ஓடிப் போய் நின்னுக்கிட்டேன். இதையெல்லாம் விட்டுட்டு அங்கே ஈ ஓட்டவா முடியும்?

சிகரம் கம்பெனி வக்கீல் பெரிய கை. கோட்டுல ஒரு சுருக்கம் கிடையாது. செங்கோடனைக் கூண்டுல ஏத்தினதும் எடுத்த எடுப்புல கேட்டார்.

"எங்க போனைப் பார்த்துத்தானே உங்க போனைச் செஞ்சீங்க?"

"ஆமாங்க" அப்படின்னார் செங்கோடன். அம்சவேணி அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. "பார்க்காம எப்படிங்க செய்யறது? பட்டறையில அசந்தா விரல் போயிருமுங்க."

"அப்படியே அச்சு அசலா?"

"எள்ளளவும் மாத்தலீங்க. மாறினதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டோம்."

கோர்ட்டே சிரிச்சுது. அந்த வக்கீலுக்கு உற்சாகம் தாங்கல. அவர் அதோட உக்காந்திருந்தா கேஸ் ஜெயிச்சிருக்கும். மனுஷன் உக்காரலையே!

"கனம் கோர்ட்டார் அவர்களே, ரெண்டு போனையும் இங்கேயே ஆன் பண்ணிக் காட்டறேன். ரெட்டைப் பிள்ளைங்கன்னு நீங்களே சொல்வீங்க."

சிகரம் போன் பளிச்சுன்னு எரிஞ்சு பாட்டுப் பாடுச்சு. குலவிளக்கு போனை அமுக்கினார். விரிசல் வழியா கொஞ்சம் சீயக்காய் நுரை வந்துது. இன்னொரு தடவை அமுக்கினார். எண்ணெய் வழிஞ்சு அவர் கோட்டுல சொட்டுச்சு. காதுல வச்சுப் பார்த்தார், காதும் எண்ணெய்.

ஜட்ஜ் போனைக் கையில வாங்கி மோந்து பார்த்தார்.

"சாம்பிராணி வாசம் வருதே?"

"நேத்துத்தான் தலைக்கு ஊத்துச்சுங்க" அப்படின்னார் செங்கோடன், உண்மையைத் தவிர வேற எதையும் சொல்லாம.

ஜட்ஜ் ரொம்ப நேரம் மேஜைக்கு அடியில குனிஞ்சு பேனாவைத் தேடினார். நிமிர்ந்தப்ப கண்ணெல்லாம் தண்ணி. அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டுச் சொன்னார்.

"அந்தப் போன்ல கண்ணாடி முழுசு, இதுல விரிசல். அது பேசுது, இது பேசல. இது ரெண்டும் ஒண்ணுன்னு எந்த வாடிக்கையாளரும் ஏமாற மாட்டார். வழக்கு தள்ளுபடி. உடைஞ்சு, பேச்சு மூச்சில்லாம கிடக்கிற இந்த அமைப்பு முழுக்க முழுக்க உங்களுக்கே சொந்தம். இதே நிலையில தாராளமா விக்கலாம்."

செங்கோடன் கூண்டுல இருந்தே கும்பிட்டு விழுந்தார். ராமாத்தா சிகரம் வக்கீலுக்கே மிட்டாய் கொடுத்தாங்க. தப்பிச்சுதேடா பட்டறைன்னு எனக்கும் மனசு குளிர்ந்து போச்சு.

நானும் மிட்டாய் தின்னுக்கிட்டே அம்சவேணி அம்மா ஆபீஸ்ல ஃபைலைக் கட்டிட்டு இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பின மூணு பேரும் மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. செங்கோடன் முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

"மோசம் போயிட்டோமுங்கம்மா! பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல சிகரம் கம்பெனியோட சர்வீஸ் சென்டர் இருக்குதுங்க. அதுல ஒரு பெரிய வரிசை நிக்குதுங்க. அத்தனை பேர் கையிலும் சிகரம் போன். அத்தனையும் விரிசலுங்க!"

"ஒண்ணுகூடப் பேசலீங்க, நான் ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்தேன்" அப்படின்னார் நாச்சிமுத்து.

"ஒருத்தர் போனைத் தண்ணித் தொட்டியில போட்டே எடுத்துட்டு வந்திருக்கார்" அப்படின்னு ராமாத்தா மூக்கைச் சிந்தினாங்க. "என் கைவேலையை ஊரெல்லாம் திருடிட்டானுங்களே!"

"ஐயா தீர்ப்புச் சொல்லி ஒரு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள அச்சு அசலாக் காப்பி அடிச்சுட்டானுங்கம்மா! விடக் கூடாதுங்க. சிகரம் கம்பெனி மேல கேஸ் போடுங்க, வரிசையில நின்னவங்க அத்தனை பேர் மேலயும் போடுங்க!" அப்படின்னார் செங்கோடன்.

அம்சவேணி அம்மா 'கடவுளே'ன்னு ரெண்டு கையாலயும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. கையில இருந்த அவங்க சொந்த போன் நழுவி, தரையில சொத்துன்னு விழுந்துது. வெளிச்சம் அணைஞ்சுது. இடது ஓரத்துல விரிசல், மூணு கிளை.

மூணு பேரும் குனிஞ்சு அதைப் பார்த்தாங்க. அப்புறம் நிமிர்ந்து வக்கீலம்மாவைப் பார்த்தாங்க. செங்கோடன் குரல் உடைஞ்சு போச்சு.

"நீங்களுமாங்கம்மா?"