பதினோரு சிதறுகாய்

"அந்த மாசிலாமணியை மடத்தை விட்டு அனுப்பிடுங்கம்மா" என்றார் ஆண்டியப்பன்.

மடத்துச் சமையற்கட்டு அவர் பொறுப்பு. தினம் அறுநூறு பேருக்குச் சோறு. மடத்தின் தலைவி வடிவம்மையிடம் சீடராகச் சேர்ந்து பதினாறு வருடம். வயதில் அம்மையைவிட மூத்தவர்.

"என்ன செஞ்சான்?"

"நடக்காததையெல்லாம் வந்து சொல்றான்."

"பொய்யா?"

"பொய் இல்லம்மா. சாம்பார் அண்டா நழுவிச்சாம், விழலையாம். ஒருத்தர் காலு வெந்திருக்குமாம், வேகலையாம். வேகாத காலுக்கு எதுக்கு ஒப்பாரி? மத்தவங்க பயப்படறாங்க. குருபூஜை அன்னிக்கு நம்ம கட்டுல இந்த வருஷம் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லைன்னு சபையில சொல்லணும்னு இருக்கேன். இவன் வாய் சும்மா இருக்காது. காலையிலதான் விறகு பிளக்க அனுப்பினேன்."

"அண்டா நழுவினப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

ஆண்டியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சும்மா இருப்போமாம்மா? பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய். ஒவ்வொரு தடவையும். ஒரு தடவைகூடத் தவறினதில்லை."

அம்மை எழுந்து நடந்தார். ஆண்டியப்பன் பின்னால் போனார்.

சமையற்கட்டுக்கு எதிரேதான் பிள்ளையார். பொன்னுத்தாயி தேங்காய்ச் சில்லுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"பொன்னுத்தாயி, சமையற்கட்டுக்காரங்க இங்க எத்தனை காய் உடைச்சிருப்பாங்க?"

"ஆடி பொறந்ததிலேருந்து பதினொண்ணும்மா. எங்க வீட்ல தேங்காச் சட்னி தவிர வேற கிடையாது. மருமக மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறா. இந்த மடத்துலயே பக்தி இவங்களுக்குத்தான் ஜாஸ்தி."

ஆண்டியப்பன் சிரித்தார்.

அம்மை சிரிக்கவில்லை.

"முதல் காய் எதுக்கு?"

"அண்டாவைச் சங்கிலி போட்டுத் தூக்கும்போது கொக்கி நழுவிச்சு. நல்லவேளை, அடுப்பு மேலேயே உட்கார்ந்துடுச்சு."

"ரெண்டாவது?"

"அதுவும் கொக்கிதான்."

"மூணாவது?"

"கொக்கி. நாகரத்தினம் காலுக்கு ஒரு சாண் தள்ளி…"

"நாலாவது?"

ஆண்டியப்பனின் உதடுகள் மட்டும் அசைந்தன. ஐந்து, ஆறு, ஏழு. சிரிப்பு முகத்திலேயே மறந்துபோய்க் கிடந்தது.

"கொக்கியை யாராவது பார்த்தீங்களா?"

"மாசிலாமணி பார்த்தான். வாய் விரிஞ்சுபோச்சுன்னான்."

"இன்னிக்கு அவன் இடத்துல யாரு?"

"என் தம்பி."

பந்தி மணி அடித்தது.

மணி அடித்தால் அண்டாவைத் தூக்குவார்கள்.

ஆண்டியப்பன் ஓடினார். தோள் துண்டு பிள்ளையார் முன்னாலேயே விழுந்துவிட்டது.

அண்டா முழங்கால் உயரம் ஏறியிருந்தது. தம்பி செவந்தியப்பன் வாசற்படிக்கு அருகில் நின்று அதன் விளிம்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

ஆண்டியப்பன் தம்பியின் வேட்டி இடுப்பைப் பற்றி இழுத்தார். இருவரும் படிக்கு வெளியே மல்லாந்து விழுந்தார்கள்.

கொக்கி விட்டது.

தம்பி நின்ற இடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டே ஓடியது.

செவந்தியப்பன் தன் பாதங்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாகரத்தினம்தான் முதலில் பேசினான்.

"ஒண்ணும் நடக்கலை. சாமி காப்பாத்திருச்சு."

அவன் கையில் ஒரு தேங்காய் இருந்தது. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"இந்தாங்கண்ணே."

ஆண்டியப்பன் எழுந்தார். தேங்காயைத் தாண்டி, பிள்ளையாரைத் தாண்டி, அங்கேயே நின்றிருந்த அம்மையையும் தாண்டி விறகுக் கொட்டகைக்குப் போனார்.

மாசிலாமணி கோடரியும் கையுமாக நின்றான்.

"அம்மா சொல்லிட்டாங்களா அண்ணே? சாயங்காலமே கிளம்பிடறேன்."

ஆண்டியப்பன் விறகுக் கட்டை மேல் உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டையைக் காட்டினார்.

"வேற என்னவெல்லாம் நடக்கலை? சொல்லு."

மாசிலாமணி அவரையே பார்த்தான். கோடரியைக் கீழே வைத்தான். உட்கார்ந்து, விரல்களை மடக்கத் தொடங்கினான்.

ஒரு கை தீர்ந்தது. அடுத்த கைக்குப் போனான்.