சுல்தானின் விக்கலும் மர்ஜானின் நூலும்

வெகு காலத்துக்கு முன்னால், பாலைவனம் முடிந்து பேரீச்சந்தோப்பு தொடங்குகிற இடத்தில் தர்சான் என்றொரு பட்டணம் இருந்தது. சுல்தான் கமருத்தீன் அதை ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றுகிறவர்.

ஒருநாள் அவரை விக்கல் பிடித்தது. மூன்று நாளாகியும் விடவில்லை. அரண்மனை வைத்தியர் ஹக்கீம் தாவூதை அழைத்துக் காரணம் கேட்டார்.

"தெரியாது ஆலம்பனா. நாளைவரை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

சபை திகைத்தது. தலைமை அறிஞர் பத்ருத்தீனுக்கு மட்டும் உள்ளம் குளிர்ந்தது.

"பார்த்தீர்களா? ஊருக்கு வெளியே ஹைதர் மஸ்தான் என்ற சூஃபிப் பக்கீர் தைக்கா என்று ஒரு மடம் வைத்திருக்கிறார். நம் அறிஞர்கள் வியாழன்தோறும் அங்கே ஓடுகிறார்கள். இப்போது வானநூலாரைக் கேட்டாலும் தெரியாது, வைத்தியரைக் கேட்டாலும் தெரியாது! சாம்ராஜ்யத்தின் அறிவையே ஒரு கந்தல் அங்கி தின்றுவிட்டது ஆலம்பனா!"

"இடி... விக்... அந்தத் தைக்காவை!"

மந்திரியான வஜீர் இல்யாஸ் எழுந்தார். அவரும் அங்கே போகிறவர். முதல்முறை கதவைத் தட்டியபோது "யார்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வஜீர் இல்யாஸ்" என்றார். கதவு திறக்கவில்லை. செருப்போடு பட்டத்தையும் வாசலில் கழற்றுவதே அந்த இடத்தின் வழக்கம். அது புரிய அவருக்கு அரை நாள் ஆனது.

"ஒரு நாள் பொறுங்கள் ஆலம்பனா. 'தெரியாது' என்ற அந்தச் சொல் நாட்டைக் கெடுக்கிறதா, காக்கிறதா என்று காட்டுகிறேன். தோற்றால் பக்கீரோடு நானும் ஊரைவிட்டுப் போகிறேன்."

"மூட்டையைக்... விக்... கட்டி வை!"

மறுநாள் சபையில் இல்யாஸ் மெல்லக் கேட்டார். "மர்ஜான் எழுதிய நோய்க்கடல் என்ற நூலில் விக்கலுக்கு மருந்து உண்டாமே?"

"அப்படியொரு நூலைக் கேள்விப்பட்டதில்லை" என்றார் தாவூத்.

பத்ருத்தீன் சிரித்தார். "மர்ஜானைத் தெரியாதா? மலைநாட்டு மேதை! ஏழாம் அத்தியாயம். பத்து வயதிலேயே எனக்கு மனப்பாடம். எட்டிக்கொட்டையை அரைத்துப் பாலில் கலக்க வேண்டும்."

கோப்பை வந்தது. சுல்தான் வாயருகே கொண்டுபோனார். "வேண்டாம்!" என்று தாவூத் பாய்ந்து வருவதற்குள், இல்யாஸ் சுல்தானின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். காவலர்கள் வாளைப் பாதி உருவினார்கள்.

"மர்ஜான் வெளியேதான் நிற்கிறது ஆலம்பனா. உள்ளே கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"நிற்கிறதா?"

"என் கோவேறு கழுதை. போன வருஷம் வாங்கினேன். இன்னும் நூல் எதுவும் எழுதவில்லை."

சபை சிரிக்கக்கூடப் பயந்தது. சுல்தான் கோப்பைக்குள் பார்த்தார்.

"எட்டிக்கொட்டை விஷம்" என்றார் தாவூத். "அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்."

விக்கல் நின்றுபோயிருந்ததை அப்புறம்தான் எல்லாரும் கவனித்தார்கள்.

"பத்ருத்தீன், அந்த நூலை நீர் பார்த்ததுண்டா?"

"தெரியாது, ஆலம்பனா... எனக்கு ஒன்றும் தெரியாது."

"பாதிப் பாடம் முடிந்துவிட்டது" என்றார் இல்யாஸ். "மீதியைத் தைக்காவில் படிக்கட்டும்."

பத்ருத்தீன் நாற்பது நாள் அந்த வாசலில் செருப்புகளை அடுக்கிவைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. தாவூதுக்குப் பட்டு அங்கி கிடைத்தது. இல்யாஸ் தமக்கென்று எதுவும் கேட்கவில்லை.

வியாழன் பிற்பகல், சுல்தான் இல்யாசை மட்டும் அழைத்துக்கொண்டு நடந்தே தைக்காவுக்குப் போனார். சன்னல் வழியே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சாம்ராஜ்யத்தின் அறிஞர்களெல்லாம் வெறும் தரையில் இருந்தார்கள். ஒரு குயவன் மண்ணைப் பற்றிச் சொல்ல, வானநூலார் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தாவூத் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினார். பிறகு பேச்சு ஓய்ந்தது. நாற்பது பேரின் மூச்சும் ஒரே மூச்சாய் ஏறி இறங்கியது. தன் அரண்மனை எவ்வளவு சிறியது என்று சுல்தானுக்கு அன்றைக்குத்தான் பட்டது.

கதவைத் தட்டினார்.

"யார்?"

அவருக்கு ஒன்பது பட்டங்கள். முதல் பட்டம் நாக்குவரை வந்தது. திரும்பிப் பார்த்தார். அவருடைய செருப்பைக் கையில் ஏந்தி, பத்ருத்தீன் தலைகுனிந்து நின்றார்.

"தெரியாது" என்றார் சுல்தான்.

கதவு திறந்தது.