கோசலையின் தீப்பெட்டி

"காலையில கிழக்கே போகணும்னீங்க. சாயங்காலம் அதே இடத்துல மேற்கே போகணுங்கிறீங்க. எதுதாம்மா வழி?"

கேட்டவர் வைத்திலிங்கம். கோசலை ஒரு நண்டு வளையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும்தான் சார்."

வைத்திலிங்கம் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்ததும் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

முப்பது வருஷம் சங்கிலி போட்டு ஊர் ஊராக நிலம் அளந்த சர்வேயர் அவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கடல் தண்ணீர் ஏறி வடிகிற இந்த அலையாத்திக் காட்டுக்கு வந்து சேர்ந்தார்.

நகரத்திலிருந்து வருகிறவர்களைக் கோசலை காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போவாள். கூடாரம் கிடையாது, மின்விளக்கு கிடையாது. ஏதாவதொரு மணல்திட்டில் பாய் விரித்து ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்புவார்கள். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் எட்டு மாதமாக அவள் பின்னால் நடக்கிறார். அவருடைய மகளைவிட அவள் சின்னவள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முன்னால் நடக்கிறவர் கையில்தான் தீப்பெட்டி இருக்கும், மூடி இறுகிய ஒரு தகர டப்பாவில். அது நனைந்துவிட்டால் சோறும் இல்லை, கொசுவை விரட்டப் புகையும் இல்லை.

மூன்று முறை அவரை முன்னால் நடக்கவிட்டுப் பார்த்தாள். டப்பாவை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

மூன்று முறையும் வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவர் நோட்டைப் புரட்டினார். "எனக்குத் தெரியும், வாங்க" என்று இறங்கினார். மூன்று முறையும் இடுப்பு வரை சேற்றில் புதைந்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன்தான்.

கோசலைதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

நாலாவது முறைக்கு முந்தின நாள் அவள் சொன்னாள்: "துணிப்பையையும் எடுத்துக்கிட்டு வந்துடுங்க சார். சரிப்படலேன்னா திரும்பி வந்ததும் படகுல ஊருக்குக் கிளம்பிடலாம்."

வைத்திலிங்கம் அன்றிரவு விளக்கடியில் உட்கார்ந்தார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனப்பாடம் செய்தார்.

மறுநாள் அவர் பின்னால் ஐந்து பேர். அவர்களுக்கும் பின்னால் கோசலை.

வாய்க்கால் பிரிகிற இடம் வந்தது. நோட்டில் குறித்திருந்த மணல்திட்டைக் காணோம். கரையில் நின்ற மரம் தண்ணீருக்கு நடுவே நின்றது. தண்ணீர் ஏறுகிறதா, வடிகிறதா? அதுவே அவருக்குப் பிடிபடவில்லை. நோட்டு கிழக்கே என்றது. இன்னொரு பக்கத்தில் அதே நோட்டு மேற்கே என்றது.

"வழி தெரியும்ல சார்?" என்று பின்னால் வந்த பெண் கேட்டாள்.

தெரியும் என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தோளில் துணிப்பை கனத்தது. ஒரு காலைத் தண்ணீருக்கு மேல் நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார்.

"தெரியல. யாரும் இறங்காதீங்க. தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துட்டு அப்புறம் சொல்றேன்."

வழி தெரியாதவர் எதற்கு முன்னால் வந்தார் என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரில் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

கோசலை சேற்றில் நடந்து முன்னால் வந்தாள். இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

வைத்திலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தெரியலன்னுதானேம்மா சொன்னேன்?"

"கேட்டுச்சு சார்" என்றாள் கோசலை. வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள்.