சார்பதிவாளர் எழுதிய அன்னாசி

கோவில்பட்டியில் ஒரு குரு உண்டு. குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். பெயர் செண்பகவல்லி, வயது நாற்பதுக்குள், தொழில் பல் வைத்தியம். வாரம் முழுக்க ஊராரின் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டுவார். ஞாயிறு காலையில், நோயாளிகள் உட்காரும் அதே பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவருடைய சீடர்கள் வந்து உட்காருவார்கள். ஆளுக்கொரு பேப்பர். அதில் ஞாயிறு குறுக்கெழுத்துப் புதிர்.

வாரநாள் புதிரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூட முடித்துவிடும். ஞாயிறு புதிர் அப்படியல்ல. குறிப்பு மூன்று நான்கு சொல்லுக்கு மேல் நீளாது. ஒரே குறிப்புக்குப் பல விடை பொருந்துவதுபோல் இருக்கும். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஆளைக் கவிழ்க்க வைத்தவை. அதைச் செண்பகவல்லி காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவார் என்று ஊரில் பேச்சு.

அந்த இடத்துக்கு ஒரே ஒரு வழக்கம்தான். கேட்டால் சொல்லலாம். கேட்காதவருக்குச் சொல்லக் கூடாது, அவர் கிணற்றில் விழப் போனாலும் சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி அங்கே புதிதாக வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற சார்பதிவாளர். வீடும் நிலமும் கைமாறும் பத்திரங்களைப் பதிந்தே காலம் தள்ளியவர். பத்திரத்தில் எழுத்துப் பிழை வந்தால் அடித்துத் திருத்தி ஓரத்தில் கையெழுத்துப் போடலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது, தனுஷ்கோடி கொடுக்கவில்லை. "அடித்தல் திருத்தல் இருக்கு. புதுசா எழுதிக்கிட்டு வாங்க" என்று பத்திரத்தைத் திருப்பித் தள்ளுவார். மனுஷன் கெட்டவர் இல்லை. எழுதினது எழுதினதுதான் என்று நம்பினார், அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கைதான் இப்போது வீட்டைக் காலி பண்ணி வைத்திருந்தது. சிவகாசியில் மைத்துனர் மகனுக்கு நிச்சயதார்த்தம். சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேர் உட்கார்ந்து மனை வாங்குவதைப் பற்றிப் பேச, அவர் மனைவி கோமதி ஒரு யோசனை சொன்னார். "இவளுக்கு என்ன தெரியும்? பேச விட்டா பேசிக்கிட்டே இருப்பா" என்றார் தனுஷ்கோடி. எல்லாரும் சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை. அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

"நாலு பேர் முன்னால சொன்னீங்க. அதே நாலு பேர் முன்னால, சொன்னது தப்புன்னு சொல்லுங்க. மறு பஸ்ஸுலயே வந்துர்றேன்" என்றார்.

தனுஷ்கோடி அதற்குப் பிறகு பல தடவை போன் பண்ணினார். கடுகு டப்பா எங்கே என்று கேட்டார். பால்காரனுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். கேட்க வேண்டியதைத் தவிர எல்லாம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாமல்தான் பல் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"பென்சில் வேணுமா சார்?" என்றார் குரு.

"எனக்குப் பேனாதான் பழக்கம் டாக்டரம்மா."

குரு சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போய்விட்டார்.

முதல் குறிப்பு: கடல் தாண்டி வந்த பழம். நான்கு எழுத்து. தனுஷ்கோடி கண்ணை மூடித் திறந்தார். அன்னாசி! கட்டத்துக்கு ஒன்றாக, முத்து முத்தாக எழுதினார். இவ்வளவுதானா இந்தப் பிரமாதம் என்று மீசைக்குள் ஒரு சந்தோஷம்.

அன்னாசியின் முதல் எழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும் சொல்லுக்குக் குறிப்பு: சுவரில் ஊர்வது. மூன்று எழுத்து, 'அ'வில் தொடங்க வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்து அரணை என்று எழுதினார். அரணையின் கடைசி எழுத்தில் முடிகிற இன்னொரு சொல்: வயலுக்குக் காவல். இரண்டு எழுத்து. அணை என்று எழுதினார். அணையில் தண்ணீர் இல்லாவிட்டால் வயல் ஏது என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் ஜவுளிக்கடை மஸ்தான் பாய். அவருக்கு வாய் சும்மா இருக்காது. எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏன் சார், எங்க ஊர் அரணை மண்ணுலதான் ஓடும். உங்க வீட்டு அரணை செவுத்துலயா ஏறுது?"

"பாய்," என்றார் குரு. "சார் இன்னும் கேக்கல."

பாய் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அன்னாசியின் கடைசி எழுத்துக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. மேலிருந்து வந்து 'சி'யில் முடிய வேண்டிய சொல். இரண்டு எழுத்து. குறிப்பு: ரசத்துக்கு அவசியம். ஊசி, பாசி, தூசி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எதை ரசத்தில் போடுவது? காசி வரைக்கும் போய்த் திரும்பினார். கோமதி இருந்தால் கேட்கலாம். கோமதி இல்லாததால்தான் ரசமே இல்லை.

"புதிரைப் போட்டவன் தப்பாப் போட்டிருக்கான்" என்றார் கடைசியில், சத்தமாக.

மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்றது. குரு தன் பேப்பரை முடித்துவிட்டுக் காபி டம்ளரை எடுத்தார். அந்த நிதானத்தைப் பார்த்ததும் தனுஷ்கோடிக்கு வயிறு எரிந்தது. பொறாமையை மிஞ்சிக்கொண்டு ஆச்சரியமும் வந்தது. இத்தனை கவிழ்ப்புக்கு நடுவில் இந்தப் பெண் மட்டும் எப்படிக் கவிழாமல் கரை சேருகிறாள்?

எழுந்து போனார்.

"டாக்டரம்மா, கேக்கறேன். ஒரு தப்புகூட இல்லாம எப்படி முடிக்கிறீங்க?"

குரு தன் பேப்பரைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

தனுஷ்கோடி திகைத்துப்போனார். கட்டத்துக்குக் கட்டம் அடித்திருந்தது. அடித்ததன் மேல் எழுதி, எழுதியதையும் அடித்து, ஓரத்தில் இடம் பிடித்து இன்னொன்று எழுதியிருந்தது. ஓரிடத்தில் பேப்பரே கிழிந்திருந்தது. ஆனால் விடை அத்தனையும் பொருந்தி நின்றது.

"இது மட்டும் பத்திரமா இருந்தா, நான் தூக்கி எறிஞ்சிருப்பேன்" என்றார், தன்னை மறந்து.

"தெரியும் சார். எங்க அப்பா வீட்டுப் பத்திரத்தை அப்படித்தான் எறிஞ்சீங்க" என்றார் குரு. முகத்தில் கோபமே இல்லை. "காபி சாப்பிடறீங்களா?"

தனுஷ்கோடிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காபியை வாங்கிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார். வெகுநேரம் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, அணையை அடித்தார். வானம் இடிந்து விழவில்லை. அரணையையும் அடித்தார். மஸ்தான் பாய் பெருமூச்சு விட்டார்.

அப்போதும் ஒன்றும் நகரவில்லை. 'அ'வில் தொடங்கிச் சுவரில் ஊர்வதற்கு உலகத்தில் ஒன்றுமே பிறக்கவில்லை.

"ரெண்டை அடிச்சுட்டேன்" என்றார் அங்கிருந்தே. "இன்னும் எதை அடிக்கணும்?"

"எதை அடிக்க மனசு வரலியோ, அதை" என்றார் குரு.

தனுஷ்கோடி பேப்பரைப் பார்த்தார். முத்து முத்தாக அன்னாசி உட்கார்ந்திருந்தது. முதல் சொல். யாரையும் கேட்காமல் எழுதிய சொல். அதில் என்ன தப்பு? அன்னாசி கடல் தாண்டி வந்ததுதானே? நாலு எழுத்துத்தானே?

"அதை எடுத்துட்டா அங்க என்ன எழுதறது? எனக்கு வேற பழம் தெரியலியே."

"தெரியாண்டாம் சார். சும்மா விடுங்க. பக்கத்துல உள்ளதைப் பாருங்க."

அவர் அடித்தார். அந்த வயதில், அந்த மீசையோடு, நாலு பேர் பார்க்க ஒரு மனுஷன் தன் கையால் எழுதியதைத் தன் கையாலேயே அடிப்பது சின்ன விஷயமில்லை. பார்த்துக்கொண்டிருந்த மஸ்தான் பாய் கேலியை மறந்து நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

'சி' போனதும் ரசத்தில் புளி தானாக வந்து விழுந்தது. அட, என்றார் தனுஷ்கோடி. அணை போன இடத்தில் வயலுக்கு வேலி. வேலி வந்ததும் சுவரில் பல்லி. அட, அட! பல்லியின் முதல் எழுத்து 'ப', புளியின் கடைசி எழுத்து 'ளி'. இரண்டுக்கும் நடுவில் காலியாகக் கிடந்த இடத்தில் பப்பாளி பழுத்துத் தொங்கியது. அவர் யோசிக்கக்கூட இல்லை. அக்கம்பக்கம் எல்லாம் சேர்ந்து சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மூலை திறந்தால் அடுத்த மூலையும் திறந்தது. தப்பாக எழுதினார், அடித்தார், கேட்டார், மறுபடி எழுதினார். ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தார். கடைசிக் கட்டம் நிரம்பியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. முதல் தடவையாக வந்தவர் ஞாயிறு புதிரை முடித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. மஸ்தான் பாய் எழுந்து நின்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முதல் நாளே முடிச்சுட்டீங்களே சார்! நான் ஒரு வருஷம் தண்ணி குடிச்சேன்."

தனுஷ்கோடி அந்தப் பாராட்டைக் கேட்டதாகவே தெரியவில்லை. அடித்துக் குதறிய பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் வீட்டுக்காரி சிவகாசியில இருக்கா" என்றார், யாரும் கேட்காமலே. பிறகு நிச்சயதார்த்த வீட்டில் நடந்தது முழுவதையும் சொன்னார். தான் சொன்ன வார்த்தையை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். குரு காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாயங்காலம் போகலாம்னு இருக்கேன் டாக்டரம்மா. சொன்னது தப்புன்னு அந்த நாலு பேர் முன்னால சொல்லிருவேன். அடிக்கறதுக்குக் கை வந்துட்டுது. ஆனா அதுக்கு மேல என்ன சொல்லணும்? அவகிட்ட நல்லதா நாலு வார்த்தை பேசிப் பழக்கமே இல்ல எனக்கு. என்ன சொல்றதுன்னு தெரியாம எப்படிப் போய் அவ முன்னால நிக்கிறது?"

"சும்மா போய் நில்லுங்க சார்" என்றார் குரு. "சொன்னதை அடிச்சுட்டேன்னு மட்டும் சொல்லுங்க. மீதியை அவங்க சொல்லுவாங்க."