கனகசபாபதி தராத ஷிப்ட்

எனக்கு முதலில் தீங்கு செய்தவர் கனகசபாபதி. பெயரை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய பம்ப் கம்பெனியில் அவர் அசெம்பிளி மேனேஜர். நான் அங்கே ஃபிட்டர். பெயர் ராக்கியப்பன். ஆறாவது வரை படித்தவன்.

ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் பம்ப் ஆள் உயரம் இருக்கும். நிற்கவைத்த தண்டில் இரும்புக் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போக வேண்டும். நாங்கள் அதைப் பவுல் என்போம். பாதி ஏறியதும் கை தலைக்குமேல் போய்விடும். லைனில் பெண்கள் ஸ்டூலில் ஏறி நின்று கோப்பார்கள். வீட்டுக்குப் போய்த் தலைவாரக் கை தூக்க முடியவில்லை என்பார்கள்.

பவுல் ஏற ஏற, தண்டு நிற்கும் மேடை கீழே இறங்கினால் என்ன? கை எப்போதும் நெஞ்சு உயரத்திலேயே இருக்குமே. இதுதான் என் யோசனை.

கம்பெனியில் யோசனைப் பெட்டி ஒன்று உண்டு. அதில் போட்டேன். கனகசபாபதி கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்லா இருக்குங்க ராக்கியப்பன். செஞ்சுரலாம். ஒரு ஷிப்ட் ஓட்டிப் பாத்துரலாம்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். எவர்சில்வர் டம்ளர் ஒன்று கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். ஷிப்ட் மட்டும் வரவில்லை.

கேட்டால், "இந்த மாசம் டார்கெட் இருக்கு" என்பார். அடுத்த மாதமும் டார்கெட் இருந்தது. டார்கெட் இல்லாத மாதம் அந்தக் கம்பெனியில் பிறக்கவே இல்லை.

அந்த ஷிப்டை நான் மனதுக்குள் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். காலைச் சங்கு ஊதுகிறது. தேய்த்த சட்டை போட்டு மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கனகசபாபதி வந்து, "ஆரம்பிங்க ராக்கியப்பன்" என்கிறார். பெடலை மிதிக்கிறேன். மேடை ஒரு சாண் இறங்குகிறது. லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. பஸ்ஸில் போகும்போதும், சோற்றில் கைவைக்கும்போதும் அந்தச் சங்கு எனக்குக் கேட்கும்.

பிறகு புதுமைக் கூடம் வந்தது.

உலகமெல்லாம் புதிது புதிதாகச் செய்கிறார்கள், நாம் மட்டும் அதே பம்பைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று முதலாளிக்குக் கவலை. ஆபீஸ் கட்டடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்து, பச்சைக் கம்பளம் விரித்து, ஏசி போட்டார்கள். ஒரு இன்ஜினியரிங் கல்லூரியோடு ஒப்பந்தம் செய்து, கூடத்தை நடத்தப் பேராசிரியர் பொற்கொடியை வரவழைத்தார்கள். கம்பெனியில் யார் வேண்டுமானாலும் வேலை நேரத்தில் பாதியைக் கூடத்தில் கழிக்கலாம் என்றார்கள். நான் முதல் ஆளாகப் போனேன்.

பொற்கொடி என் மூத்த மகளைவிட இளையவர். எல்லோரும் மேடம் என்றார்கள். நான் டீச்சர் என்றேன். எனக்குத் தெரிந்த பெரிய மரியாதை அதுதான்.

"உங்களுக்கு என்ன செய்யணும்ண்ணா?" என்று கேட்டார்.

"இறங்கற மேடை செய்யணுங்க."

"செய்யுங்க."

அவ்வளவுதான் உபதேசம்.

முதல் மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஏனுங்க டீச்சர் சாயுது?"

"நீங்க சொல்லுங்க."

"தெரியலீங்களே."

"அப்ப இன்னும் கொஞ்சம் சாயட்டும்."

அது முழுக்கச் சாய்ந்து விழுந்த பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு அகலம் கால் வேண்டும், பிரேக்கை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று. விழுந்ததைப் பார்த்திருந்ததால் கணக்கு புரிந்தது.

மேடை முடிந்தது. முதலாளி வந்து ரிப்பன் வெட்டினார். கூடத்தின் ஓரத்தில் வைத்து, நாலு பக்கமும் சிவப்புக் கயிறு கட்டினார்கள். விருந்தாளி யாராவது வந்தால் நான் பெடலை மிதிக்க வேண்டும். மேடை இறங்கும். கைதட்டுவார்கள்.

பாரம் ஏறினால்தான் இறங்கும்படி அதைச் செய்திருந்தோம். காலி மேடை பாதியிலேயே நின்றுவிடும். விருந்தாளி முன்னால் அசிங்கமாக இருக்கிறது என்று ஆபீஸில் சொன்னார்கள். பிரேக்கைத் தளர்த்தச் சொன்னார்கள். தளர்த்தினேன். அப்புறம் வெண்ணெய் மாதிரி இறங்கியது. கைதட்டலும் கூடியது.

ஷிப்ட் வரவில்லை.

ஒருநாள் விருந்தாளிகள் போன பிறகு கேட்டேன்.

"டீச்சர், இத்தனை பெரிய கம்பெனி. இடம் இருக்கு, மெஷின் இருக்கு, படிச்சவங்க இருக்காங்க. புதுசா ஒண்ணு ஏனுங்க இங்க முளைக்க மாட்டேங்குது?"

அவர் சிரித்தார்.

"உங்க காலேஜ்ல எப்படிங்க?"

"அங்கே கயிறு கட்ட மாட்டாங்க. ஆராய்ச்சின்னு பைண்டு பண்ணி அலமாரியில வச்சுருவாங்க. என்னோடதே ரெண்டு இருக்கு."

"அப்பப் புதுசை எங்கதான் வளர்க்கறது?"

டீச்சர் எழுந்துபோய்ச் சிவப்புக் கயிற்றை அவிழ்த்தார். சுருட்டி மேஜைமேல் வைத்தார். கம்பளத்தின் மேலேயே மேடையைத் தள்ள ஆரம்பித்தார். ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தேன்.

அசெம்பிளி வாசலில் கனகசபாபதி மறித்தார்.

"மேடம், லைனை நிறுத்த முடியாதுங்க. அதுக்கு மூணு பேர் கையெழுத்து வேணும்."

"சாப்பாட்டு நேரத்துல லைன் ஓடுதுங்களா?"

"அப்ப எப்படிங்க ஓடும்?"

"ஓடாத லைனை எதுக்குங்க நிறுத்தறது?"

அவர் ஒதுங்கி நின்றார்.

"டீச்சர்," என்றேன் மெதுவாக. "அரைமணி நேரம் ஒரு ஷிப்ட் ஆகாதுங்க."

"ஆகாதுதான்" என்றார்.

சாப்பாட்டு மணி அடித்தது. லைன் நின்றது. லைனில் மூத்தவள் மயிலாத்தா. அவள் வாய்க்கு சூப்பர்வைசர்களே ஒதுங்கிப் போவார்கள். டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே வந்து மேடையைப் பார்த்தாள்.

"என்னங்கண்ணா, ஏசி ரூம் மாப்பிள்ளை வெயிலுக்கு வந்திருக்காரு?"

"கோத்துப் பாரு மயிலாத்தா. ஸ்டூல் வேண்டியதில்லை."

அவள் தண்டை நிறுத்திப் பவுல் கோத்தாள். நெஞ்சு உயரம் வந்ததும் பெடலை மிதித்தாள். மேடை தடாலென்று அடிக்கு விழுந்தது. பவுல்கள் தரையில் உருண்டன. மயிலாத்தா துள்ளி விலகினாள்.

"குடிச்சுட்டு வந்தவனாட்டம் உக்காந்துட்டானே உங்க மாப்பிள்ளை!"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். தூரத்தில் கனகசபாபதியும் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் அவர் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

"மானம் போச்சுங்க டீச்சர். கூடத்துக்கே கொண்டுபோயிரலாம்."

"ஏன் விழுந்துச்சு?"

"பிரேக் தளர்வா இருக்குங்க."

"யாருக்காகத் தளர்த்தினீங்க?"

"விருந்தாளிக்கு."

"இனி யாருக்காக இறுக்கணும்?"

மயிலாத்தா குனிந்து பவுல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் மேடை லைனுக்குப் போனது. மணி அடித்ததும் ஓரமாக வந்தது. பெண்கள் பாதி நேரம் சாப்பிட்டு, பாதி நேரம் கோத்தார்கள். யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. டீச்சர் அவர்களோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். எதையும் விளக்கவில்லை.

ஒருநாள் போய்ப் பார்த்தால் என் பெடல் இடம் மாறியிருந்தது. வெட்டி எடுத்து மறுபக்கம் வெல்டிங் வைத்திருந்தார்கள். மேடை விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்கள். நேராக டீச்சரிடம் போனேன்.

"வெட்டிட்டாங்க டீச்சர்!"

"யாரு?"

"மயிலாத்தா. வெல்டர்கிட்டச் சொல்லி வெட்டிட்டா."

"எதுக்காம்?"

"வலது காலை ஊன்றித்தான் நிப்பாங்களாம். பெடல் இடது காலுக்கு வேணுமாம். பவுல் உரசிச் சத்தம் வருதுன்னு டியூப் வேற."

"நீங்க செய்யறப்ப எந்தக் கால்னு யோசிச்சீங்களா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

"கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா வெட்ட விட்டிருப்பீங்களா?"

நான் திரும்பி வந்துவிட்டேன். டீச்சர்மேலும் அன்று எனக்குக் கோபம்தான்.

பிறகு ஒரு மதியம், மணி அடித்தது. மேடையை ஓரங்கட்டப் போனேன். மயிலாத்தா பாதி பம்பில் இருந்தாள்.

"பாதி கோத்துட்டேனுங்கண்ணா. இதை முடிச்சுட்டுத் தாரேன்."

லைன் ஓட ஆரம்பித்தது. அதை முடித்தாள். அடுத்த தண்டை நிறுத்தினாள். அவள் தரவில்லை. மறுநாளும் தரவில்லை. அதற்கடுத்த நாள் நான் கேட்கவில்லை.

கனகசபாபதி அந்தப் பக்கம் வந்தார். மேடையைப் பார்த்தார். சுவரில் இருந்த உற்பத்திப் பலகையைப் பார்த்தார். மறுபடி மேடையைப் பார்த்தார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். இப்போது சொல்வார் என்று நினைத்தேன்.

அவர் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டார்.

"அந்த மேடை மாதிரி இன்னும் நாலு பண்ணுங்க."

அந்த மேடை. அவ்வளவுதான். என் பக்கம் திரும்பாமல் போய்விட்டார்.

கூடத்துக்குப் போகாமல் லைன் ஓரத்திலேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தேடிக்கொண்டு டீச்சர் வந்தார். பக்கத்தில் நின்றார்.

"என்னண்ணா?"

"கனகசபாபதிகிட்ட எனக்கு ஒரு ஷிப்ட் பாக்கி இருக்குங்க டீச்சர்."

"இப்ப எல்லா ஷிப்டும் உங்க மேடை மேலதானே ஓடுது?"

"அது தானா ஓடுதுங்க. அவர் குடுக்கலை. எல்லார் முன்னாடியும் தர்றேன்னு சொன்னவர். வந்து நின்னு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆரம்பிங்கன்னு சொல்லணும். அதைத்தானுங்க இத்தனை வருஷமா எதிர்பார்த்துட்டு இருந்தேன். வேறெதுவும் கேக்கலை."

டீச்சர் லைனைப் பார்த்தார். மயிலாத்தா நிமிர்ந்து நின்று பவுல் கோத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேலி பேசிக்கொண்டே இடது காலால் பெடலை மிதித்தாள். மேடை ஒரு சாண் இறங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரிங்கண்ணா," என்றார் டீச்சர். "மேடையைக் கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோயிரலாம். மயிலாத்தாவுக்குப் பழையபடி ஸ்டூலைக் குடுத்துரலாம். அவருக்கு எப்ப மனசு வருதோ, அப்ப முறையாக் கூப்பிட்டுக் குடுக்கட்டும். நீங்களே போய் அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கேயே நிக்கறேன்."

நான் எழுந்தேன். மயிலாத்தா அடுத்த பவுலைக் கையில் எடுத்தாள்.

மறுபடி பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன்.

கனகசபாபதி அந்த ஷிப்டை இன்னும் எனக்குத் தரவில்லை.